கடைசிப் பக்கம் படிக்காதவர்

எந்தப் புத்தகத்திலும் அவர் கடைசிப் பக்கத்தைப் படிக்க மாட்டார். அதற்கு முந்தின பக்கம் வரை வருவார். மூடிப் பைக்குள் வைப்பார். மறுநாள் வேறு புத்தகம்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு இறால் கம்பெனி. தலை கிள்ளி, ஓடு உரித்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நான் உரிக்கிற ஹாலில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். அவர் பெண்களுக்கான அதிகாரி. சாயர்புரத்துக்காரர். காலேஜில் இங்கிலீஷ் படித்தவர். நாங்கள் மேடம் என்போம். பேர் அவர் கழுத்து அட்டையில் இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஆபீஸ் ஆட்களுக்குக் கார் உண்டு. அவர் காரில் வர மாட்டார். சாயர்புரத்திலிருந்து காலை பஸ் பிடித்து முத்தையாபுரத்தில் இறங்கி, எங்களோடு கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்.

"கார்ல ஏசியப் போட்டுட்டு வாயத் தொறக்காம வாரானுவ மக்கா. பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு" என்பார்.

பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் கடற்கரைத் தெருப் பெண்கள் உட்காருவார்கள். பஸ் கிளம்பியதும் தலையில் லேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு மாதா பிரார்த்தனை சொல்வார்கள். ரெஜினா மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் அதே வேண்டுதலைத் திருப்பிச் சொல்லுவார்கள். பாதிப் பேர் தூக்கத்தில் சொல்லுவார்கள். தூக்கத்திலும் ஒரு தடவை கூடத் தப்பாது. நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். எங்களுக்கும் அது பாடமாகிவிட்டது. எங்களை அறியாமல் எங்கள் வாயும் சொல்லும்.

பிரார்த்தனை முடிந்தால் மேடம் கதை. துறைமுக ரோடு வரும் வரைக்கும் நடக்கும்.

எல்லாம் ஒரே மாதிரிக் கதை. வரப்போகிற காலத்தைப் பற்றியது. எல்லாம் கெட்ட காலம்.

"நல்ல காலத்தப் பத்தி ஒருத்தனும் எழுதலையா மேடம்?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"எழுதியிருக்கான். யாரும் வாங்கல."

செல்லக்கனி என் பக்கத்து வீடு. தேரிக்காட்டுப் பக்கமிருந்து கட்டிக்கொடுத்தது. வாய் நிற்காது. கதையில் குறுக்கே விழுவது அவள்தான்.

முதலில் கேட்ட கதை நினைவிருக்கிறது. ஒரு ஊர். அந்த ஊர் ராசா வரி கேட்க மாட்டான். வருசத்துக்கு ஒரு வார்த்தை கேட்பான். முதல் வருசம் பசி என்கிற வார்த்தையைக் கேட்டான். ஜனங்கள், வார்த்தைதானே, கொண்டுபோ என்று கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் பசிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. வயிறு இருக்கிறது என்று சொன்னார்கள். வயிறு எல்லாருக்கும்தானே இருக்கிறது என்று ராசா கேட்டான்.

"எங்க மாமியாகிட்ட வார்த்தை கேக்கச் சொல்லுங்க மேடம்" என்றாள் ரெஜினா. "லாரி வச்சுத்தான் ஏத்தணும்."

"அப்ப கைப்பிள்ள பசிச்சா என்ன செய்யும்?" என்றாள் செல்லக்கனி.

"அழும். அதுக்குத்தான் ஒரு வார்த்தையும் தெரியாதே. அதுகிட்ட ராசாவால ஒண்ணும் வாங்க முடியல."

"பொறவு?"

"பொறவு வருசா வருசம் கேட்டான். அவனுக்குப் பிடிக்காதது எல்லாம் தீந்துபோச்சு. பதிலுக்கு அவனே புதுசா வார்த்தை குடுத்தான். அதத்தான் பேசணும்னான். கடைசியா ஒரு நாள், அவன் குடுத்த வார்த்தையவே திருப்பிக் கேட்டான்."

"கோட்டிக்காரனா? அவன் குடுத்தத அவனே எதுக்குக் கேக்கான்?"

மேடம் பதில் சொல்லவில்லை. துறைமுக ரோடு வந்துவிட்டது.

"முடிவு என்ன மேடம்?"

"கடைசிப் பக்கம் நான் படிக்கலளா."

ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை, காலுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கண் மட்டும் வெளியே தெரியும். இறாலும் ஐஸும் கலந்து மேசையில் கொட்டுவார்கள். நின்றுகொண்டே உரிக்க வேண்டும். பேசக்கூடாது. எச்சில் தெறிக்கும் என்பது காரணம். மாஸ்க் எதற்கு என்று செல்லக்கனி கேட்டாள். அதற்கு அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

ஓய்வு என்றால் அங்கே வேறு. வேலையில்லை, வீட்டில் இரு, கூப்பிடும்போது வா, கூப்பிடாமலும் போகலாம். அதற்குப் பேர் ஓய்வு. செல்லக்கனியை ஒரு மாசம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். சுவரில் ஒரு போர்டு இருந்தது. கூடுதல் நேரம் என்று சொல்லக்கூடாது, உதவி நேரம். புகார் இல்லை, யோசனை. வேலைக்காரி இல்லை, குடும்ப உறுப்பினர். விபத்து இல்லை, சம்பவம். இப்படிப் போகும். போர்டில் எழுத்து அழகாக இருக்கும். மேடத்தின் கையெழுத்து அது.

ஒரு நாள் வீட்டில் எனக்குக் காய்ச்சல். என் அம்மா, "கொஞ்சம் ஓய்வு எடுளா" என்றாள். எனக்குத் திக்கென்றது. எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் மேடத்திடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு சொன்னார். "கதை எழுதுறவன் ஒரு தப்புப் பண்ணுதான். காவக்காரன எப்பவும் தெருவுல நிறுத்துதான். துப்பாக்கி, பூட்ஸு, சைரன். அதெல்லாம் செலவு. உன் வீட்டு அடுப்படியில உங்க அம்மா வாயில ஒருத்தன உக்கார வச்சிருக்கு பாரு. அவனுக்குச் சம்பளமே கிடையாது."

"வச்சது யாரு மேடம்?" என்றாள் ரெஜினா.

சுருக்கென்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் மேடம்.

ரெஜினாவுக்கு அவர்மேல் முதலிலிருந்தே சந்தேகம். காரணம் இருந்தது. அவர் என்ன கதை சொல்லுகிறாரோ அது பின்னாலேயே எங்களுக்கு வரும். ஒரு கதையில் ஒண்ணுக்குப் போக ஜனங்கள் கை தூக்கி அனுமதி கேட்பார்கள். அந்த மாசமே ஹாலில் டோக்கன் வந்தது. கழுத்தில் டோக்கன் இருந்தால்தான் கக்கூஸுக்குப் போகலாம். ஹாலுக்கு ஒரே டோக்கன். இன்னொரு கதையில் வண்டிக்குக் காது இருக்கும். பஸ்ஸில் கேமரா வந்தது. டிரைவர் அண்ணாச்சி முகத்துக்கு நேராகவும் ஒன்று. அவர் அதற்குப் பிறகு பாட்டுப் போடுவதை விட்டுவிட்டார்.

"இவ புஸ்தகத்தப் படிச்சுப் படிச்சு மேனேஜருக்குச் சொல்லிக்குடுக்கா" என்றாள் ரெஜினா, பஸ்ஸுக்கு வெளியே, உப்பு லாரி போகிற சத்தத்தில். "நமக்குக் கத சொல்லுத மாதிரிச் சொல்லி ஆழம் பாக்கா. நம்ம சிரிச்சா செய்யலாம்னு அர்த்தம்."

"செய்யப்போறது முன்னாடியே தெரியும்லா அவங்களுக்கு" என்றாள் செல்லக்கனி. "நேராச் சொன்னா வேல போயிரும். அதான் கதையில வச்சுச் சொல்லுதாங்க. நமக்குத்தான் மண்டையில ஏறல."

இதில் எது சரி என்று எனக்கு அன்று தெரியவில்லை.

ஒரு தடவை மேடத்திடம் கேட்டேன். இவ்வளவு தெரிந்தும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று. கேட்ட பிறகு எதற்குக் கேட்டோம் என்றிருந்தது.

"அம்மா படுக்கையில. விட்டுட்டு வெளியூர் போக முடியாது. காலேஜ்ல பாடம் எடுத்தேன், வருசா வருசம் நாளைக்கு நிரந்தரம்னாங்க. அந்த நாளை வரல." புத்தகத்தைப் பைக்குள் தள்ளினார். "கம்பெனி கேட்டப் பூட்டினா நீங்க உள்ள இருக்கீங்க. நானும் உள்ளதான் இருக்கேன். என் கையில சாவியக் குடுத்திருக்காங்க. அது கனக்கு."

பிறகு செல்லக்கனியின் கை.

ஐஸ் உடைக்கிற இயந்திரத்துக்கு மேல் ஒரு மூடி இருக்க வேண்டும். மூடியைத் திறந்து திறந்து மூடினால் நேரமாகிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். அன்று ஐஸ் போடுகிற ஆள் வரவில்லை. செல்லக்கனியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கட்டி ஒன்று சிக்கியது. கையால் தள்ளினாள். இடது கையில் இரண்டு விரல் போனது.

அவள் கத்தினாள். நாங்கள் பார்த்தோம். ஐஸ் சிவப்பாக வந்தது. சூப்பர்வைசர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "சம்பவம்! சம்பவம்!" பயத்தில் கூட அவனுக்கு அந்த வார்த்தைதான் வந்தது.

ஆஸ்பத்திரியில், வீட்டில் நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். அரிவாள்மணையில் என்று. இறால் வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வருகிற காலம் அது. செல்லக்கனிக்கு ஓய்வு. சோதனை நல்லபடியாக முடிந்தால் திரும்ப வேலை. அவள் வாயைத் திறந்தால் கிடையாது.

கம்பெனிக்கு அது ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் அது வேறாக வளர்ந்தது. அரிவாள்மணையில் ஒரே வெட்டில் இரண்டு விரல் எப்படிப் போகும் என்று கேட்டார்கள். பெண்டாட்டியின் வாயை அடக்க முடியாமல் புருஷன்தான் வெட்டிவிட்டான் என்றார்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். எறும்பைக் கண்டால் கூட ஒதுங்கிப் போகிறவன். அவன் ஆட்டோவில் பெண்கள் ஏறுவதை விட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் வேறு ஆட்டோ பார்த்தார்கள். அவன் வெளியே வருவதைக் குறைத்தான். அவன் அம்மாவே ஒரு நாள், "நெசமாச் சொல்லுல, நீதானா?" என்று கேட்டுவிட்டாள்.

செல்லக்கனி மேடத்தைப் பார்க்க முத்தையாபுரம் ஸ்டாப்புக்கு வந்தாள். துணி சுற்றிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம். விரல் முளைக்கவா போவுது. கை போனது அங்கனதான்னு ஒரு ஆள் சொல்லணும். கம்பெனி ஆளு சொல்லணும். அந்த மனுசன் சோறு திங்க மாட்டேங்காரு."

மேடம் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ரெஜினா என் காதில், "பாத்தியா, சவத்து மூதி, ஒரு வார்த்த சொன்னாளா?" என்றாள்.

சோதனைக்கு எங்களைத் தயார் செய்கிற வேலை மேடத்துக்கு. மேனேஜர் சொல்லியிருந்தார்: யாரும் யோசித்துப் பதில் சொல்லக்கூடாது, யோசித்தால் உளறுவார்கள். என்ன கேள்வி வரும் என்று கம்பெனிக்குத் தெரியும். பதிலைப் பாடம் பண்ண வேண்டும்.

பாடம் நிற்கவில்லை. ஒரு கேள்விக்கு இன்னொன்றின் பதிலைச் சொன்னோம். சாப்பாடு எப்படி என்றால் கையுறை தருகிறார்கள் என்றாள் ஒருத்தி. மேனேஜர் கோபித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. மேடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முன்னால் போய் நின்று கேட்டார். முடிகிற வரைக்கும் நின்றார்.

அன்று மத்தியானம் கேன்டீனில் எங்களை நிறுத்தினார். கேள்விகளை மாற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: எங்கள் விருப்பப்படி. கேள்வியைப் பிரார்த்தனை ராகத்தில் இழுத்துக் கேட்டார்.

"நேரங்கழித்தும் வேலைக்கு நிற்கிறீர்களா...?"

"எங்கள் விருப்பப்படி."

"பண்டிகை நாளிலும் வருகிறீர்களா...?"

"எங்கள் விருப்பப்படி."

"நின்றுகொண்டே வேலை செய்கிறீர்களா...?"

"எங்கள் விருப்பப்படி."

ஒருத்தி கூடத் தப்பவில்லை. ரெஜினாவுக்கு மட்டும் முகம் சுண்டியது. "மாதாவுக்குச் சொல்லுத மாதிரி இவனுக்குச் சொல்லணுமா?" என்றாள். ஆனால் அவள் வாயும் சொன்னது. அதுதான் அந்த ராகத்தின் குணம். மேனேஜர் கதவோரம் நின்று கேட்டுத் தலையை ஆட்டினார். மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடம் அந்தக் கையைப் பிறகு குழாயில் கழுவினார். நான் பார்த்தேன்.

சோதனை நாளன்று ஸ்டாப்பில் செல்லக்கனி நின்றாள். வேலைத் துணியில் நின்றாள். அவள் வரக்கூடாது. பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணுவது மேடத்தின் வேலை. அவர் அவளைப் பார்த்தார். தன் பைக்குள்ளிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுத்த ஆளை எண்ணினார்.

அன்று பஸ்ஸில் கதை இல்லை.

மாஸ்க்கும் தொப்பியும் போட்டால் யார் யாரென்று தெரியாது. செல்லக்கனி என் பக்கத்தில் நின்று உரித்தாள். மூன்று விரலால் உரித்தாள். கையுறையில் இரண்டு விரல் காலியாகத் தொங்கியது. ஐஸ் தண்ணீர் பட்டு மடங்கி மடங்கி ஆடியது. சூப்பர்வைசர் வாசல் பக்கமே நின்றான். அவன் கண் வருகிறவர்கள் மேல் இருந்தது.

வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் வந்தார். எங்களைப் போலவே தொப்பியும் மாஸ்க்கும். கூட மேனேஜர். மேடம்தான் எங்கள் பேச்சை அந்த அம்மாவுக்கும் அவர் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். மேசை மேசையாக வந்தார்கள். கேட்டார்கள். சொன்னோம். ஹால் முழுக்க ஒரே குரலாக எழும்பியது. எங்கள் விருப்பப்படி. எங்கள் விருப்பப்படி. மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த அம்மா எங்கள் மேசைக்கு வந்து நின்றார். செல்லக்கனியின் கையுறையைப் பார்த்தார். காலி விரல் ஒன்றைத் தன் விரலால் தொட்டார். அது மடங்கியது. மேடத்திடம் ஏதோ கேட்டார்.

மேனேஜர் குறுக்கே வந்து இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எங்களைக் காட்டினார். இவர்கள் சொல்லட்டும் என்பது புரிந்தது.

மேடம் எங்களைப் பார்த்துத் திரும்பினார். கேட்டார். சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். அந்த ராகத்தில் கேட்டார்.

"செல்லக்கனியின் விரல் இங்கே போனதா...?"

ஹால் முழுக்கச் சொன்னது: "எங்கள் விருப்பப்படி."

செல்லக்கனியும் சொன்னாள். நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது.

மேடம் இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவ்வளவு சின்னதாக இருந்தது. அந்த அம்மாவின் கண் மாறியது. அவர் நேராக ஐஸ் இயந்திரத்தைப் பார்க்கப் போனார்.

அவர் போன பிறகு எங்களை யாரும் திட்டவில்லை. அது பயமாக இருந்தது. மேனேஜர் வந்து, பெண்கள் கேள்வி புரியாமல் குழம்பிவிட்டார்கள் என்று வெளிநாட்டுக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இனி ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டும். செல்லக்கனியின் விரல் வீட்டில் போனது என்று போன் கேமராவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதை அங்கே அனுப்புவார்கள். சொல்லாதவளுக்கு ஓய்வு. எல்லாரும் சொல்லிவிட்டால் செல்லக்கனியை வேலைக்கு எடுப்பார்கள்.

கூட்டத்தைப் பிரித்துத் தனித்தனியாகக் கேட்பது மேடத்தின் கதைகளில் அடிக்கடி வரும். எல்லாக் கதையிலும் வரும் என்று கூடச் சொல்லலாம். அது வந்தால் கதை முடியப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் படித்திருக்க மாட்டார்.

போனைப் பிடிக்கிற வேலை மேடத்துக்கே வந்தது.

சின்ன அறை. ஏசி. ஒரு நாற்காலி. நான் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் போனவர்கள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியாது. மேடம் போனைக் கீழே வைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்திருக்காங்கல்ல?"

"ஆமா மேடம்."

"சொல்லாட்டா என்னன்னும் தெரியும்லா?"

"தெரியும்."

"வீட்டுல உங்கம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

போனைத் தூக்கினார். சிவப்புப் புள்ளி எரிந்தது. கேள்வி கேட்டார். ராகம் இல்லை. வறண்ட குரல்.

"செல்லக்கனியின் விரல் எங்கே போனது?"

எனக்கு வீடு என்று வாயில் வந்தது. செல்லக்கனியின் வீடு கண்ணில் வந்தது. ஆள் ஏறாமல் நின்ற ஆட்டோ வந்தது. பிறகு நான் சொன்னேன்.

"எங்கள் விருப்பப்படி."

மேடம் திருத்தவில்லை. திரும்பக் கேட்கவில்லை. சிவப்புப் புள்ளியை அணைத்தார்.

"சரி. அடுத்த ஆள வரச்சொல்லு."

அந்தப் பதில் எனக்குப் பழக்கத்தில் வந்ததா, நான்தான் கொண்டுவந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வந்தேன். பின்வாசலில், குழாயடியில் ரெஜினா நின்றாள். அவளைப் பார்த்தேன். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவள்தான் சொன்னாள்.

"அதத்தான்."

"நீயுமா?"

"வேற என்ன தெரியும் நமக்கு? அவ வேற ஒண்ணும் சொல்லிக்குடுக்கலையே." குழாயைத் திருகி மூடிவிட்டு, "நெனச்சுத்தான் செஞ்சிருப்பாளோ மூதி?" என்றாள். அந்தத் தடவை அவள் மூதி என்றது வேறு மாதிரி இருந்தது.

ஒருத்தி விடாமல் எல்லாரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். செல்லக்கனியும். மேனேஜர் மொத்தத்தையும் உட்கார்ந்து பார்த்தாராம். முகம் மாறி மாறி, ஒரே பதில். அதை எங்கேயும் அனுப்ப முடியாது. எல்லாருக்கும் ஓய்வு கொடுத்தால் இறாலை உரிக்க ஆள் கிடையாது. சரக்கு வந்து ஐஸில் கிடக்கிறது.

கம்பெனி வெளிநாட்டுக்கு என்ன எழுதியது என்று எங்களுக்குத் தெரியாது. இயந்திரத்துக்கு மூடி வந்தது. பூட்டு வைத்த மூடி. ஒரு சாயங்காலம் எங்கள் தெருவுக்குக் கம்பெனி ஆள் வந்தான். செல்லக்கனி வீட்டு வாசலில் நின்று, கம்பெனியில் நடந்ததுதான், வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்று அவள் புருஷனிடம் சொன்னான். தரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"கேக்கல சார்" என்றான் அவன். "தெருவுக்குக் கேக்குத மாதிரிச் சொல்லுங்க."

வந்தவன் சத்தமாகச் சொன்னான். எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்த செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் எல்லாரும் கேட்டோம். செல்லக்கனி மட்டும் வெளியே வரவில்லை. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

அவள் இப்போது ஹால் வாசலுக்கு வெளியே கூடை எடை போடுகிற இடத்தில் இருக்கிறாள். மூன்று விரல் போதும் அதற்கு.

மேடத்துக்கு ஓய்வு.

யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலை முத்தையாபுரம் ஸ்டாப்பில் அவர் இல்லை. டிரைவர் அண்ணாச்சி கொஞ்ச நேரம் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு கேமராவைப் பார்த்தார். வண்டியை எடுத்துவிட்டார். மேடம் உட்காருகிற ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை.

டோக்கன் இன்னும் ஒன்றுதான். கேமரா இருக்கிறது. நின்றுகொண்டுதான் உரிக்கிறோம். பஸ்ஸில் பிரார்த்தனையை நிறுத்திவிட்டார்கள், ஒன்றாகச் சேர்ந்து எதையும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. ரெஜினா லேஞ்சியைத் தலையில் போட்டுக்கொண்டு வாய்க்குள் சொல்லுகிறாள். புதிதாக வந்த அதிகாரி காரில் வருகிறார். கதை கிடையாது.

அவர் போன கொஞ்ச நாளில் ஹாலில் போர்டை மாற்றினார்கள். அச்சடித்த போர்டு. அழகு இல்லை. சூப்பர்வைசர் எங்களை நிறுத்தி வாசித்தான். பழைய வார்த்தைகள்தான். உதவி நேரம், யோசனை, சம்பவம், ஓய்வு. கடைசியில் ஒன்று புதிதாக இருந்தது. அதை வாசிக்கும்போது அவன் குரல் இறங்கியது.

"இனிமே யாரும், எதுக்கும், விருப்பம்னு சொல்லக்கூடாது. ஹால்லயும் சரி, பஸ்லயும் சரி. சொன்னா ஓய்வு."

எனக்கு அந்த ராசா நினைவு வந்தது. அவன் கொடுத்த வார்த்தையை அவனே திருப்பிக் கேட்ட நாள். கோட்டிக்காரனா என்று செல்லக்கனி கேட்டதும், மேடம் பதில் சொல்லாமல் இறங்கிப் போனதும்.

எதிர்மேசையில் ரெஜினா நின்றாள். மாஸ்க்குக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. அது சுருங்கியது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் சுருங்கியது. அதற்கு அடுத்ததும். வாசலுக்கு அந்தப் பக்கம் தராசடியில் செல்லக்கனி எக்கிப் பார்த்தாள்.

"என்ன சிரிப்பு?" என்று சூப்பர்வைசர் கேட்டான். "யாரு சிரிச்சது?"

மாஸ்க் போட்டிருந்தோம். அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.